ஹால் டிக்கெட் மேல் வாங்கிய சத்தியம்

என்னைப் பற்றி எங்கள் பள்ளியில் யாரிடம் விசாரித்தாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். அதுதான் எனக்கு இப்போது சங்கடமாக இருக்கிறது. திட்ட வேண்டிய காரியத்துக்கு ஒருத்தராவது என்னை முகத்துக்கு நேரே திட்டியிருந்தால் இதை எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். காலையில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையம் வந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் பெரும்பாலும் யாராவது ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருங்க டீச்சர்" என்பார். பக்கத்தில் இருப்பவரிடம், "இவியகிட்ட பிள்ளைய விட்டா போதும், எப்படியும் பாஸாக்கி விட்டுருவாக" என்று பெருமையாகச் சொல்வார். நான் அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை ஆட்டுவேன். ஆனால் காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் இருப்பேன். ஒரு வார்த்தை விட்டுப்போகாது.

பதினான்கு வருடமாகப் பத்தாம் வகுப்புக் கணக்கில் எங்கள் பள்ளியில் ஒருத்திகூடப் பெயிலானதில்லை. மற்றப் பாடங்களில் ஒன்று இரண்டு போகும். ரிசல்ட் வந்ததும் பள்ளி வாசலில் பிளக்ஸ் கட்டுவார்கள். அதில் "கணிதத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்ற வரி மட்டும் தனியாகச் சிவப்பு எழுத்தில் இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த பிளக்ஸைத் தாண்டி உள்ளே போகும்போது நான் நிமிர்ந்து பார்க்காத மாதிரிதான் போவேன். பார்க்காமல் போன நாள் ஒன்றுகூடக் கிடையாது.

இது எப்படி நடந்தது என்று கேட்டால், லிஸ்ட்தான்.

கணக்குப் பரீட்சையில் நூறு மதிப்பெண் இருந்தாலும், பாஸாக முப்பத்தைந்து போதும். அந்த முப்பத்தைந்தை மட்டும் குறிவைத்து நான் ஒரு லிஸ்ட் தயாரித்து வைத்திருந்தேன். ஒரே தாள், முன்னும் பின்னும். ஒரு மதிப்பெண் கேள்விகள், கட்டாயம் வரும் வரைபடம் ஒன்று, வடிவியல் படம் ஒன்று, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஏழெட்டுக் கணக்குகள். அவ்வளவுதான். அரையாண்டில் முப்பதுக்குக் கீழே எடுக்கும் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, ஜன்னல் ஓரம் கடைசி இரண்டு பெஞ்சில் உட்கார வைத்து, மூன்று மாதம் அந்த ஒரு தாளையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பேன். புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும்போது இவர்கள் வரைபடம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர்களுக்கு அரசாங்கம் வைத்த மரியாதையான பெயர் மெல்லக் கற்போர். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இங்கிலீஷில் ஸ்லோ லேர்னர் என்பதைச் சுருக்கி எஸ்.எல். என்போம். அது பிள்ளைகளின் காதுக்கும் போய்விட்டது. ஒருமுறை புதிதாக வந்த பி.டி. டீச்சர் ஒரு பிள்ளையைப் பார்த்து, "நீ எந்த செக்‌ஷன்?" என்று கேட்டதற்கு, "நான் எஸ்.எல். மிஸ்" என்று அவள் கைகட்டிச் சொன்னாள். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய வகுப்பில் அப்படி என்னிடம் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி செட்டியார்பட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போகிறவர். அவளுக்கு ஜூலையில் மஞ்சள் காமாலை வந்து, காலாண்டு முடியும்வரை பள்ளிக்கே வரவில்லை. திரும்பி வந்தபோது பாதிப் புத்தகம் ஓடிவிட்டிருந்தது. அரையாண்டில் இருபத்துநாலு. இந்தக் காமாலை விவரமெல்லாம் எனக்குத் தெரியும். லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டதே நான்தான். ஆனாலும் இருபத்துநாலு என்ற எண்ணைப் பார்த்ததும் அவள் பெயர் என் கையாலேயே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டது. நோயில் படுத்துத் தவறவிட்ட பிள்ளைக்கும் புரியாமல் தவறவிட்ட பிள்ளைக்கும் வித்தியாசம் பார்க்க எனக்கு அவகாசம் இல்லை என்று அப்போது சொல்லியிருப்பேன். அவகாசம் இருந்தது. அக்கறைதான் இல்லை.

லிஸ்ட்டைக் கொடுத்த முதல் வாரமே அவள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இதுல இல்லாத கணக்கும் சொல்லித் தருவீங்களா?"

"மொதல்ல இதச் செய்யி. எதுக்கு அதெல்லாம்?"

"பிளஸ் ஒன்னுல கம்ப்யூட்டர் குரூப் எடுக்கணும் டீச்சர். கணக்குல அறுபது இருந்தாத்தான் தருவாகளாம்."

அறுபது என்றது எனக்குச் சிரிப்பாக இருந்தது. "ஏட்டி, முப்பத்தஞ்ச தாண்டு மொதல்ல. அறுபத பொறவு பாப்போம்" என்றேன். கடைசி பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் அதோடு மறந்துவிட்டேன்.

அவள் மறக்கவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் நோட்டை வாங்கி எதையோ எழுதிக்கொண்டிருப்பாள். இரண்டொரு தடவை நானே பார்த்து, "வரைபடம் போட்டு முடிச்சிட்டியா? அத விட்டுட்டு இதென்ன வேல?" என்று விரட்டியிருக்கிறேன்.

இங்கே எங்கள் சயின்ஸ் டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேத்தூர்க்காரர். வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் சின்னவர். அவர் லிஸ்ட் எதுவும் கொடுக்க மாட்டார். எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை. பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் நிறுத்தி வைத்து விட்டுப்போனதை முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். "இவளுகளால முடியாதுன்னு நம்மளே முடிவு பண்ணலாமா மேடம்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். "நீங்க புதுசு. ரெண்டு ரிசல்ட்டப் பாத்துட்டு வாங்க" என்றேன். அவர் இல்லாதபோது அவரை அன்னை என்று கேலி செய்வேன். "அன்னை இன்னும் வீட்டுக்குப் போகலியா?" என்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். கேலி செய்வதில் எனக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் உண்டு.

மூன்றாவது திருப்புதல் தேர்வு பிப்ரவரியில் நடந்தது. லிஸ்ட் பிள்ளைகளின் பேப்பரைத் திருத்த எனக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். எங்கே பார்க்க வேண்டும், எதற்கு எவ்வளவு போட வேண்டும் என்பதெல்லாம் கைக்குப் பழகிவிட்டது. இந்தப் பெண்ணின் பேப்பர் மட்டும் தடிமனாக இருந்தது. லிஸ்ட்டில் உள்ளதையெல்லாம் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு லிஸ்ட்டில் இல்லாத ஐந்து கணக்குகளைப் போட்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. பொதுத்தேர்வில் இப்படி ஆசைப்பட்டு நேரத்தை வீணாக்கி, வரைபடத்தைக் கோட்டை விட்டால் அதுவரை காத்த என் பன்னிரண்டு வருடப் பெயர் என்ன ஆவது? அந்தப் பக்கங்களை நான் படிக்கவில்லை. மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்தேன். கடைசிப் பக்கத்தில் "லிஸ்ட் மட்டும்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மொத்தம் முப்பத்தெட்டு.

அதோடு விடவில்லை. வகுப்பில் அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டி, "இங்க ஒருத்தி பெரிய மேதையாகப் போறா, எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாத்துக்கோங்கட்டி" என்றேன். பிறகு அவள் அம்மாவை வரச் சொன்னேன். தறியிலிருந்து நேராக வந்தவரின் தலைமுடியிலும் தோளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "எப்படியாச்சும் பாஸாக்கி விட்டுருங்க டீச்சர். அவளுக்கு அம்புட்டுத்தான் வரும்" என்றார். மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லும்போது, இல்லைம்மா, இவள் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறாள் என்று சொல்ல வேண்டியவள் நான். நான் தலையை ஆட்டினேன். "அது எனக்குத் தெரியும்மா" என்றேன். பெற்றோர் கையெழுத்து வாங்குகிற நோட்டை நீட்டினேன். அந்த அம்மா மெதுவாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஹால் டிக்கெட் கொடுக்கிற நாளில் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஹாலில் ஒரு மேஜையில் வெள்ளைத்துணி விரித்து, எல்லா ஹால் டிக்கெட்டையும் அடுக்கி, பிள்ளைகளின் பேனாக்களையும் வைத்துப் பிரார்த்தனை நடக்கும். ஒரு பிள்ளை தேவாரம் பாடும், ஒரு பிள்ளை ஜெபம் சொல்லும். தலைமையாசிரியை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கொடுப்பார். அது நல்ல வழக்கம்தான். அதன் வாலில் நான் என்னுடையதைச் சேர்த்துக்கொண்டேன். என் பதினோரு பேரையும் படிக்கட்டுக்கு அடியில் தனியாகக் கூட்டிப்போய் நிறுத்தினேன்.

"ஹால் டிக்கெட்ட தொட்டு சத்தியம் பண்ணுங்க. லிஸ்ட்ல இல்லாத கணக்க பரீட்சையில தொடமாட்டேன்னு சொல்லணும்."

ஒருத்தி தயங்கி, "எங்க சர்ச்ல சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சொல்வாங்க டீச்சர்" என்றாள். "சரி, அப்ப அம்மா பேரச் சொல்லு" என்றேன். பிறகு எல்லாருமே அம்மா பேரையும் சேர்த்துச் சொல்லட்டும் என்று தோன்றியது. சொல்ல வைத்தேன். ஆண்டுதோறும் இதைச் செய்து வந்திருக்கிறேன். அம்மா பேரைச் சேர்த்தது மட்டும் அந்த வருடத்துப் புதுமை.

செட்டியார்பட்டிப் பெண் கையை ஹால் டிக்கெட் மேல் வைத்துக்கொண்டே கேட்டாள். "நேரம் மிச்சமிருந்தா டீச்சர்?"

"மிச்சமிருந்தா எழுதினதையே திரும்பச் சரிபாரு. வேற எதையும் தொடாத."

சரி என்று தலையாட்டினாள். சத்தியம் செய்தாள்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி, பதின்மூன்றாவது வருடம். சயின்ஸில் இரண்டு பேர் பெயில். தலைமையாசிரியையின் கூட்டத்தில் அந்தச் சேத்தூர் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு நல்ல ஆள் அவமானப்பட்டதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் இனித்தது. நான் அழைத்துப்போய் டீ வாங்கிக்கொடுத்து ஆறுதல் வேறு சொன்னேன்.

அந்தச் செட்டியார்பட்டிப் பெண்ணுக்குச் சயின்ஸில் அறுபத்தெட்டு. கணக்கில் நாற்பத்தொன்று. இரண்டும் ஒரே மார்க்‌ஷீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. லிஸ்ட் இல்லாத பாடத்தில் அறுபத்தெட்டு எடுத்தவளால் லிஸ்ட் இருந்த பாடத்தில் ஏன் நாற்பத்தொன்றுதான் எடுக்க முடிந்தது என்று கணக்கு டீச்சரான எனக்குத் தோன்றவில்லை.

பிளஸ் ஒன் சேர்க்கையின்போது அவள் கம்ப்யூட்டர் குரூப் கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ள தாங்குமா?" என்று கேட்டார். அவள் அம்மாவுடன் வாசலில் நின்றிருந்தாள். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. "தாங்காது மேடம். நான்தான் கையப் பிடிச்சுக் கரையேத்தி விட்டிருக்கேன்" என்றேன். தையல் சொல்லிக்கொடுக்கிற தொழிற்கல்விக் குரூப் தருகிறோம் என்றார்கள். அதற்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அவள் என்னிடம் வந்து, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சென்ற கோடை விடுமுறையில் ஸ்டாஃப் ரூமுக்கு வெள்ளையடித்தார்கள். அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். மெல்லக் கற்போர் கோப்பு என்று ஒன்றை நான் வருடாவருடம் கட்டி வைப்பேன். கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் காட்டுவதற்காக அந்தப் பிள்ளைகளின் திருப்புதல் பேப்பர்கள், பெற்றோர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். பழைய பேப்பரோடு எடைக்குப் போடலாம் என்று கட்டைத் தூக்கினேன். நூல் அறுந்து பேப்பர்கள் தரையில் சிதறின. ஒவ்வொன்றாக அடுக்கும்போது ஒன்று தடிமனாகக் கையில் பட்டது.

கையெழுத்து அவளுடையது என்று உடனே தெரிந்தது. என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் ஓர் அரங்கத்தில் நாற்காலி போடுகிற கணக்கு. முப்பது வரிசை. முதல் வரிசையில் இருபது நாற்காலி. அடுத்தடுத்த வரிசையில் இரண்டிரண்டு கூடும். மொத்தம் எத்தனை? இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சூத்திரம் அவளுக்குத் தெரியவில்லை. அவள் இல்லாத நாட்களில் நடத்திய பாடம் அது. அதற்குப் பதிலாக வாக்கியமாக எழுதியிருந்தாள். "கடைசி வரிசையில் 78. முதல் வரிசையும் கடைசி வரிசையும் சேர்த்தால் 98. இரண்டாவது வரிசையும் கடைசிக்கு முந்தியதும் சேர்த்தாலும் 98. இப்படியே வந்தால் 15 ஜோடி. அதனால் 1470."

நான் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். அந்தச் சூத்திரம் எப்படி வந்தது என்பதே இதுதான். நான் அதை நடத்தும்போது பிள்ளைகளிடம் மனப்பாடம் செய்யத்தான் சொல்வேன். எங்கிருந்து வந்தது என்று ஒருத்தி கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இவள் யாரும் சொல்லாமல், மதியச் சோற்றுக்கு நடுவில், தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அதன் மேல் நான் கோடு போட்டிருக்கிறேன்.

வெள்ளையடிக்கிறவர்கள் வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள். "செத்த நேரம் இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு மற்ற நாலு கணக்கையும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். மூன்று முழுக்கச் சரி. ஒன்றில் கடைசிப் பெருக்கலில் பிசகு, அதற்கு மூன்று மதிப்பெண் போடலாம். பேனாவை எடுத்து, ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் மதிப்பெண் போட்டுக் கடைசிப் பக்கத்தில் கூட்டினேன். முப்பத்தெட்டும் இருபத்துமூன்றும் அறுபத்தொன்று. தப்பாகக் கூட்டியிருப்பேனோ என்று மறுபடி கூட்டினேன். தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை. அப்போதும் என் பிழைப்பைத்தான் நினைத்திருக்கிறேன்.

அவள் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று செட்டியார்பட்டிப் பிள்ளைகளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். நீளமான தகரக் கொட்டகை. முப்பது நாற்பது மிஷின். எல்லாம் நின்றிருந்தன. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் எழுந்து ஓடி வந்தாள். தோளில் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. அவள் அம்மாவின் தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது.

"எங்க கணக்கு டீச்சர்" என்று எல்லாரிடமும் சொன்னாள். "இவியதான் என்னைய பாஸாக்கி விட்டது. இல்லன்னா நான்லாம் எங்க." பெண்கள் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒரு பெண் எனக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். கூனிக் குறுகிப்போனேன். இவர்கள் முன்னால் எதையும் சொல்ல முடியாது என்று அவளை வாசலில் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். கைப்பையிலிருந்து பேப்பரை எடுத்துக் கொடுத்தேன்.

"இது எம் பேப்பருல்ல?" என்று சிரித்தாள். புரட்டினாள். புதிதாகப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள்.

"அறுபத்தொண்ணா டீச்சர்?"

"ஆமா. நான் அன்னைக்குப் படிக்காம கோடு போட்டுட்டேன்."

அவள் திரும்பவும் முன்னால் புரட்டினாள். "இந்தச் சேர் கணக்கு சரியா? நான் சூத்திரமே போடலியே."

"சூத்திரம் இல்லாமலே சரி. சூத்திரத்த விட நல்லாருக்கு."

ஒரு நிமிடம் அவள் முகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை வந்து போனாள். அதன் பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ சமையல் பக்குவம் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பெரிய பரீட்சையிலயும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு டீச்சர். பாத்ததும் தெரிஞ்சிருச்சு. இன்னும் நாலஞ்சும் தெரியும்."

"எழுதுனியா?" என்று கேட்டேன். நாற்பத்தொன்று என்று தெரிந்தும் கேட்டேன்.

"இல்ல டீச்சர். சத்தியம் பண்ணிருந்தோம்ல."

அவளே தொடர்ந்தாள்.

"ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி எழுதினதையே திரும்பத் திரும்பச் சரிபாத்தேன். ஹால்ல இருந்த மேடம்கூட, ஏம்மா சும்மா இருக்க, எழுதுன்னாக. முடிச்சிட்டேன் மேடம்னு சொல்லிட்டேன்."

"மத்த பிள்ளைக?"

"அவளுக தெரிஞ்சத எழுதுனாளுக டீச்சர். ஹால் டிக்கெட்ட தொட்டு மூணு தடவ வாபஸ்னு சொல்லிட்டா போதுமாம்." சிரித்தாள். "எனக்குத்தான் பயமா இருந்துச்சு. அம்மா பேரச் சொல்லிட்டமேன்னு."

பதினோரு பேரில் என் பேச்சை நம்பிக் காப்பாற்றியவள் ஒருத்தி. அவளுக்குத்தான் எழுதத் தெரிந்திருந்தது. அவள்தான் தெரிந்த விடைகளைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு, கையைக் கட்டி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் அந்த நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் என் பிள்ளைகளெல்லாம் வரைபடத்தை ஒழுங்காகப் போட வேண்டுமே என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் பதறி உள்ளே திரும்பிப் பார்த்தாள். "என்ன டீச்சர் நீங்க, யாராச்சும் கேட்டா என்ன நெனைப்பாக" என்றாள். பிளஸ் ஒன் இப்போதும் சேரலாம், நான் கூட இருந்து எல்லாம் செய்கிறேன் என்றேன். "கை பழகிருச்சு டீச்சர். ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் குடுத்துட்டாக" என்றாள். என் சங்கடத்தைப் போக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, பேச்சை மாற்றினாள்.

"எந் தங்கச்சி இந்த வருசம் உங்ககிட்டதான் வாரா டீச்சர். அவளும் கணக்குல மட்டம். அந்த லிஸ்ட்ட அவளுக்கும் குடுத்துருங்க. எப்படியாச்சும் பாஸாகிரட்டும்."

"சரிம்மா" என்றேன்.

பழக்கத்தில் வந்துவிட்டது. யார் லிஸ்ட் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, செட்டியார்பட்டி தாண்டிய பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது உறைத்தது. பேப்பரை அவள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். என் கைப்பையில் லிஸ்ட்டின் ஒரு பிரதி இருந்தது. எப்போதும் ஒன்று இருக்கும்.

தங்கை ஜூன் மாதம் வந்து என் வகுப்பில் உட்கார்ந்தாள். முதல் நாளே, "அக்கா லிஸ்ட் வாங்கிக்கிடச் சொன்னா டீச்சர்" என்றாள். இந்த வருடம் லிஸ்ட் கிடையாது என்றேன். சேத்தூர் டீச்சரிடம் போய், பள்ளி விட்ட பிறகு உங்கள் அரை மணி நேரத்தில் பாதி எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். ஜன்னல் ஓர பெஞ்சுகளில் இப்போது யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். எல்லாப் பேப்பரையும் கடைசி வரிவரை படிக்கிறேன். கண் வலிக்கிறது. தங்கை எழுதுவதில் பாதி தப்பு. அக்காவைப் போலச் சட்டென்று பிடிக்கிற பிள்ளை இல்லை இவள். ஒவ்வொரு தப்பும் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலாண்டில் இருபத்தாறு எடுத்தாள். பதினைந்தாவது வருடம் பிளக்ஸில் அந்தச் சிவப்பு வரி வருமா என்று தலைமையாசிரியை ஜாடையாகக் கேட்டுவிட்டார்.

போன வாரம் அவர்கள் அம்மா பள்ளிக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். தோளில் அதே பஞ்சு. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் இருந்தார்கள். இந்தத் தடவை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். ஆனால் கோபமாகத்தான் பேசினார்.

"மூத்தவள அம்புட்டுப் பாடுபட்டுப் பாஸாக்கி விட்டீக. இவளுக்கு மட்டும் லிஸ்ட் தர மாட்டேன்னுட்டீகளாம். இவள மட்டும் ஏன் டீச்சர் கைவிட்டுட்டீக?"

அந்தப் பேப்பரை மூத்தவள் வீட்டில் காட்டியிருக்கவில்லை.

கைவிட்டது மூத்தவளைத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாத்துக்கிடுதேன்மா" என்றேன். பெற்றோர் வந்துபோனதற்கான நோட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் மெதுவாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.